கீரிக்கு ஒதுக்கிய படம்

வரம்பில் குப்புறக் கிடந்தபடி கிறகோரி இடது உள்ளங்கையை விரித்து, அதற்கு மேலே வலது சுண்டுவிரலை நீட்டிப் பிடிக்கிறார். விரலின் நிழல் கையில் விழுகிறதா என்று பார்க்கிறார். விழவில்லை. “இன்னும் கனியேல்லை” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நாடியைச் செங்கல்லில் ஊன்றிக்கொள்கிறார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கை, மறுபடியும் விரல். நிழல் விழவேண்டும், ஆனால் அதன் ஓரம் கறுத்துத் தெரியக்கூடாது. ஓரம் கறுத்தால் வெளிச்சம் முற்றிவிட்டது என்று பொருள். கனிவதற்கும் முற்றுவதற்கும் இடையில், சண்டிலிப்பாய்த் தோட்டவெளியில், இந்தத் தை மாதத்தில் அவருக்குக் கிடைப்பது பதினெட்டு நிமிடம்.

வெளிச்சத்தை அளக்கிற கருவி அவருடைய கமராவுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குச் சட்டைப் பொத்தானளவில் ஒரு பற்றரி வேண்டும். யுத்தத்தில் போட்ட பொருள் தடையால் குடாநாட்டுக்குள் பற்றரி வராமல் இரண்டரை வருடமாகிறது. ஆகவே கமராவின் ஊசி செத்துக் கிடக்கிறது. சுண்டுவிரல் வேலை செய்கிறது.

அவர் கிடக்கும் இடத்திலிருந்து பத்தடிக்கு அப்பால், வரம்பின் சரிவில், பூவரசம் வேருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு பொந்து. அதில் ஒரு கீரி குடியிருக்கிறது. கிறகோரி பொந்தை நோக்கிக் கமராவைப் பிடித்து “சடக்” என்று அடிக்கிறார். சற்றுப் பொறுத்து இன்னொரு “சடக்”. ஒரு காலைக்கு முப்பது தடவை. கமராவுக்குள் பிலிம் இல்லை. கீரிக்கு அந்தச் சத்தம் பழகட்டும் என்பதற்காகவே இந்த வெறும் அடி. தொடக்கத்தில் ஒரு சத்தத்துக்கு உள்ளே பாய்ந்தால் அன்று முழுக்க அதன் மூக்கைக்கூடக் காணமுடியாது. ஒரு மாதத்தில் காதை மட்டும் திருப்பத் தொடங்கியது. இரண்டாம் மாதத்தில் அவர் அடிக்க அடிக்க முன்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. பிலிம் ஏற்றிய நாட்களில் சும்மா அடிக்கமுடியாது; அப்போது நாக்கை அண்ணத்தில் தட்டி அதே சத்தத்தை எழுப்புகிறார். நித்திரையிலும் இந்தச் சத்தம் வருகிறது என்று அவர் மனைவி இராசாத்தி அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள்.

புகையிலைச் செடியில் பக்கத்தில் வெடிக்கிற கெட்டு முறிக்கப் போகிற பெண்கள் அவரைக் கடந்து போகையில் வாயை மூடிக்கொண்டு போவதில்லை. “போட்டோக்காரர், பிலிம் இல்லாமல் என்னையும் ஒண்டு எடுங்கோவன். நானும் அதிலை வடிவாய்த்தான் இருப்பன்” என்பாள் ஒருத்தி. கிறகோரி இதைக் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை. “வாங்கோ பிள்ளை. மூச்சை விட்டுட்டு நிக்கவேணும், அவ்வளவுதான்” என்பார்.

மூச்சை விடச் சொல்வது அவருடைய தொழில் மந்திரம். கமராவைக் கண்டதும் மனிதர்கள் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார்கள். தோள் உயர்ந்து, கழுத்து நரம்பு புடைத்து, முகம் வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. மூச்சு வெளியே போய் அடுத்த மூச்சு உள்ளே வருமுன் ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில்தான் ஆள் தன் சொந்த முகத்தோடு இருக்கிறான் என்பது கிறகோரியின் முடிவு. கீரிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்பதும்.

அவர் பிறந்தது குருநகரில். தகப்பன் சந்தியோகு, தமையன்மார் மூவர், எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். கிறகோரிக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளம் கரையை விட்டு நாலு பாகம் போகுமுன்னமே சத்தி எடுத்துவிடுவார். “மீன்காரன்ரை வீட்டிலை கடல் கண்டு சத்தியெடுக்கிற ஒருத்தன் பிறந்தா, அவனை என்ன செய்யிறது? கமராவைக் குடுத்துத் தரையிலை விட்டிட்டினம்” என்று தானே சொல்லிச் சிரிப்பார். இருபது வருடம் கோயிலடியில் ஸ்ரூடியோ வைத்திருந்தார். முதல்நன்மை, கலியாணம், செத்தவீடு. எல்லாவற்றுக்கும் பிளாஷ். அந்நாளில் வெளிச்சம் என்பது அவருக்குக் கையில் வைத்து எறிகிற பொருள். சூரியனைப் பற்றி அவர் நினைத்ததே கிடையாது. ஷெல் விழுந்து ஸ்ரூடியோவின் கூரை போனபின், கமராவைச் சோற்றுப் பானைக்குள் வைத்துச் சேலையால் கட்டிக்கொண்டு குடும்பம் சண்டிலிப்பாய்க்கு வந்தது. பிளாஷும் கூடவே வந்தது. அதன் பெட்டியில் இராசாத்தி ஊசியும் நூலும் போட்டு வைத்திருக்கிறாள்.

பிலிம் இப்போது தங்கத்தை விட அருமை. எவராவது கடல்நீரேரியைத் தாண்டிப் போய் வரும்போது ஒன்று, அதிர்ஷ்டமிருந்தால் இரண்டு. குடாநாட்டை விட்டு வெளியே போகப் பாஸ் எடுப்பதற்குப் படம் கேட்டு வருகிறவர்களோ வாசலில் நிற்கிறார்கள். கிறகோரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நாலு பேரை ஒரே வாங்கில் நெருக்கி இருத்தி ஒரே படமாக அடித்துவிடுவார். பிறகு நாலு தலையையும் கத்தரிக்கோலால் பிரிப்பார். மானிப்பாயிலிருந்து வந்த வாத்தியார் ஒருவரின் பாஸ் படத்தில் அவரது காதோடு இன்னொரு பெண்ணின் கொண்டைப்பூவும் இருக்கிறது. காணிச் சண்டையில் பத்து வருடம் பேசாமலிருந்த இரண்டு பேரை அறியாமல் பக்கத்தில் பக்கத்தில் இருத்திவிட்டு, “இன்னும் கொஞ்சம் கிட்ட இருங்கோ, சொந்தக்காரர்தானே” என்று அவர் சொன்ன கதை சங்கானைச் சந்தை வரை போயிற்று.

படம் கழுவுவது புகையிலைக் குடிலில். வெட்டிய புகையிலையைப் புகையூட்டுவதற்கென்று மண்ணால் கட்டிய, யன்னல் இல்லாத சிறு வீடு அது. அதைவிட நல்ல இருட்டறை யாழ்ப்பாணத்தில் அமையாது. கிழக்குச் சுவரில் தீப்பெட்டியளவு ஓட்டை. வெளியே சாய்த்து வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி. வெயில் கண்ணாடியில் பட்டு, ஓட்டைக்குள்ளால் வந்து, பிலிமைக் கடந்து தாளில் விழும். உள்ளே மணிக்கூடு தெரியாது. கிறகோரி செபம் சொல்லி நேரம் கணிக்கிறார். பாஸ் படத்துக்கு ஓர் அருள் நிறைந்த மரியே. பெரிய படத்துக்கு மூன்று. வெளியே இராசாத்தி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். “முகில் வருது… நிப்பாட்டுங்கோ. முகில் போயிட்டுது, சொல்லுங்கோ” என்று அவள் குரல் கேட்க, மாதா பாதியில் நின்று மறுபடி தொடங்குவார். படங்களில் சுருட்டு மணக்கிறது என்று சனம் சொல்கிறது. உண்மைதான்.

குடிலும் தோட்டமும் கீரி இருக்கும் வரம்பும் இராசநாயகத்தாருக்குச் சொந்தம். எழுபது வயது. காய்ந்த பனம்மட்டை போன்ற ஆள். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குக் குடிலையும் அருகிலிருந்த கொட்டிலையும் கொடுத்தவர் அவர் மனைவி பூரணம். கொடுத்ததைப் பற்றித் தினமும் குறைசொல்லிக்கொண்டு, காலையில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கொண்டுவந்து வைப்பவர் இராசநாயகம். செபத்தை ஒருநாள் குடில் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “ஏன் காணும், தேவாரம் சொன்னால் படம் விழாதோ?” என்றார். “நீங்கள் நீட்டிப் பாடுவியள் அண்ணை. கறுத்துப்போம்” என்றார் கிறகோரி உள்ளே இருந்து.

ஒவ்வொரு பிலிமிலும் முப்பத்தைந்து படம் சனத்துக்கு. முப்பத்தாறாவது கீரிக்கு. இது கிறகோரி தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். முதலில் ஓர் அணில் வந்தது. குடில் ஓட்டையால் வந்த வெயிலில் அது வந்து நின்று முகம் கழுவிக்கொண்டதை அவர் வாயைத் திறந்தபடி பார்த்தார். பிளாஷ் இல்லாமல் ஒரு மயிருக்கு இவ்வளவு நிறம் இருக்கிறதா என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு ஓணான், உடும்பு, கடைசியாகக் கீரி. கீரிதான் அவரைப் பிடித்துக்கொண்டது. மூன்று பிலிமில் மூன்று முப்பத்தாறாவது படம் போயிற்று. ஒன்றில் வால் மட்டும். ஒன்று புகை. மற்றது மிக நன்றாக விழுந்த படம்; அதைக் கெடுத்தது பருப்பு.

யாழ்ப்பாணக் கிணற்று நீரில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. அதில் பிலிமைக் கழுவினால் காய்ந்தபின் வெள்ளைப் புள்ளி நிற்கும். அதற்காக மாரியில் மழைநீர் பிடித்து ஒரு பானையில் மூடி வைத்திருந்தார். அதே சுண்ணாம்பினால் கிணற்று நீரில் பருப்பும் லேசில் அவியாது. விறகு தட்டுப்பட்ட ஒரு நாள் இராசாத்தி மழைநீரில் பருப்பை அவித்துவிட்டு, குறை தெரியாமலிருக்கக் கிணற்று நீரை ஊற்றிப் பானையை நிரப்பி வைத்தாள். கிறகோரி அதில் கீரியைக் கழுவினார். ஒரு மீசை மயிர்கூடத் தப்பாமல் வந்த படத்தில் கீரியின் கண்மேலேயே ஒரு வெள்ளைப் புள்ளி. அவர் கோபிக்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கைகழுவிய பிறகு சொன்னார்: “பருப்பு பஞ்சு மாதிரி அவிஞ்சிருக்கு. கீரிக்குத்தான் கண்ணிலை பூ விழுந்திட்டுது.” இராசாத்தி அன்றிரவு சாப்பிடவில்லை.

இந்தத் தையில் கீரி குட்டி போட்டிருந்தது. உள்ளே இரண்டு, சிலவேளை மூன்று. மாசியில் புகையிலை வெட்டிவிட்டால் தோட்டம் வெட்டையாகிவிடும்; கீரி குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வாயில் குட்டியோடு அது வரம்பைக் கடக்கிற ஒரு படம். அது போதும் என்று கிறகோரி நினைத்தார். நாலாவது பிலிம் வந்தது. இரண்டு நாளில் முப்பத்தைந்தும் சனத்தோடு முடிந்தன. ஒன்று மிச்சம்.

இராசநாயகத்தின் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. அடையாள அட்டையில் ஒன்று இருக்கிறது. அதில் பயந்துபோன வேறொரு மனிதன் இருக்கிறான். அவருடைய தமையன் நமசிவாயம் பட்டணத்து ஸ்ரூடியோ ஒன்றில் படம் எடுத்து எட்டாம் நாள் பாம்பு கடித்துச் செத்தவர். அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டார்கள். அதிலிருந்து இவருக்குக் கமராவைக் கண்டால் கால் நிற்காது. பூரணத்தின் கரைச்சல் தாங்காமல் மூன்று தடவை வேட்டியும் சால்வையுமாக வாங்கில் வந்து இருந்திருக்கிறார். கமரா முகத்துக்கு வந்ததும் ஒருமுறை ஆட்டைப் பார்க்க, ஒருமுறை தண்ணீர் இறைக்கிற மிசினைப் பார்க்க, ஒருமுறை காரணமே சொல்லாமல் எழும்பிப் போனார். “கீரி கூட உப்பிடி ஓடாதண்ணை” என்றார் கிறகோரி. “கீரிக்கு மாலை போட ஆரிருக்கினம்?” என்று கேட்டுவிட்டுக் கிழவர் போய்விட்டார்.

ஆனால் கமராவைத் தூரத்தில் நின்று ஆராய்வதில் அவருக்குப் பயமில்லை. கிறகோரியின் இடது கை ஏன் சும்மா கிடக்கிறது, வாங்கில் ஆட்களை எடுக்கும்போது அந்தக் கை எதையோ திருகுகிறதே என்று ஒருநாள் கேட்டார். கிறகோரி லென்ஸைக் காட்டினார். அதன் வளையத்தில் பத்தடிக்கு நேரே இராசாத்தியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தார். பொந்து பத்தடி, பொட்டில் வைத்தாயிற்று, இனிக் கை தேவையில்லை. இந்தச் சின்ன வெளிச்சத்தில் லென்ஸின் கண்ணை முழுதாகத் திறக்கவேண்டும்; திறந்தால் ஒரு தூரம்தான் துலங்கும், முன்னுக்கும் பின்னுக்கும் உள்ளதெல்லாம் புகையாகிவிடும். கிழவர் தலையாட்டினார். “அப்ப கை சும்மா கிடந்தால் கீரி. திருகினால் மனுசர். திருகேக்கை நான் ஓடவேணும், என்ன?”

“ஓம், அப்ப ஓடுங்கோ. கேளாமல் ஆற்றை படமும் எடுக்கமாட்டன். கீரியைத் தவிர.”

செவ்வாய் பின்னேரம் பூரணம் ஒரு கடிதத்தோடு வந்தாள். ஒன்பது வருடமாக ஜேர்மனியில் இருக்கிற மகன் எழுதியது; வந்து சேர மூன்று மாதம் பிடித்திருந்தது. ஒரு வரியில் விரலை வைத்துக் கொடுத்தாள். அப்பாவின் குரல் ஞாபகம் இருக்கிறது, மூக்கு எப்படி இருக்கும் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை, நான் ஆரைப் போல என்று பிள்ளை கேட்கிறது என்று அந்த வரி சொன்னது.

கிறகோரியின் மைத்துனன் மரியரட்ணம் வியாழக்கிழமை கிளாலிக் கடல்நீரேரியால் கொழும்புக்குப் புறப்படுகிறான். கடிதங்களைக் கொண்டுபோய் அங்கே தபாலில் போடுவான் என்பது ஒழுங்கைச் சனம் முழுவதற்கும் தெரியும். கமராவில் ஒரு படம் மிச்சமிருப்பதும் அது ஆருக்கென்பதும் அதைப்போலவே தெரியும். பூரணம் கடிதத்தை வாங்கி மடித்தாள்.

“அந்த மனுசன் படத்துக்கு இருக்காது தம்பி. உங்கடை ஒரு படத்தைப் பாழாக்கிறது பாவம். சும்மா காட்டினன்.”

அன்று முன்னிரவில் இராசாத்தி மட்டும் ஒரு தடவை கேட்டாள்: “இஞ்சேருங்கோ, கீரியின்ரை படத்தை ஆருக்கு அனுப்பப் போறியள்?” ஆருக்குமில்லை என்பதுதான் பதில். அதனால்தான் அதை அவ்வளவு ஆசையாக எடுக்க நினைத்தார் என்பதைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை அவர் வழக்கம்போல வரம்புக்குப் போனார். சூரியன் முதுகுப் பக்கம். கை, விரல். கனியவில்லை. அங்கே தண்ணீர் இறைக்கிற கிணறு மூன்று தோட்டத்துக்குப் பொது. இராசநாயகத்தின் இறைப்பு முறை பின்னேரம். ஆனால் அன்று பக்கத்துத் தோட்டக்காரர் முறையை மாற்றிக் கேட்டிருந்தார். விடிந்ததும் தண்ணீர் வாய்க்காலில் வந்துகொண்டிருந்ததைக் கிறகோரி சத்தத்தில்தான் அறிந்தார். வாய்க்கால் பொந்துக்குக் கீழாகப் போகிறது. பாத்திக்குத் திறந்துவிட்டால் தண்ணீர் ஏறிப் பொந்தின் வாயைத் தொடும். கீரி அதை அவருக்கு முன்பே அறிந்துவிட்டது.

முதலில் மூக்கு. பிறகு தலை. வாயில், கழுத்துத் தோலில் பிடித்த குட்டி, கண் திறக்காமல், ஈரப் புகையிலைத் துண்டுபோலத் தொங்கியது. கீரி வரம்பின் உச்சிக்கு ஏறி நின்றது. கிறகோரி நாக்கைத் தட்டினார். அது அசையவில்லை. உள்ளங்கையைப் பார்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. சரிந்து வந்த வெயில் அதன் ஒவ்வொரு மயிரிலும் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது.

கீரிக்குப் பின்னால், இருபதடி தள்ளி, மண்வெட்டியோடு இராசநாயகம். தண்ணீரைப் பாத்திக்கு மாற்றிவிட வந்தவர். உந்தக் கீரி என்ரை வரம்பை அரிக்குது, ஒருநாளைக்குக் கல்லை வைச்சு அடைப்பன் என்று ஒன்றுவிட்ட ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தவர் குட்டியைக் கண்டார். மண்வெட்டியைத் தூக்கினால் அது மிரளும். ஆகவே மண்வெட்டியைத் தூக்கவில்லை. வலது காலைப் பக்கவாட்டில் வைத்து, பாதத்தால் வாய்க்காலின் வாயை அடைத்தார். தண்ணீர் கணுக்காலில் ஏறி முட்டி, யோசித்து, மற்றப் பக்கம் திரும்பிற்று. கிழவர் அப்படியே நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

“நான் அசையன். கெதியாய் அடியும் காணும். உது போகப்போகுது.”

கமராவின் கண்ணாடிக்குள் கீரி துலக்கமாக இருந்தது. மீசை, குட்டியின் மூடிய கண், அதன் பின்னங்கால் விரல் ஐந்தும். அதற்குப் பின்னால் இராசநாயகம் ஒரு பழுப்பு நிறப் புகை. அந்தப் புகையின் நடுவில் வெயில் ஏதோ மேட்டில் பட்டு மினுங்கியது. மூக்காகத்தான் இருக்கவேண்டும்.

இரண்டு மாதமாக வரம்பில் வேலையில்லாமல் கிடந்த கிறகோரியின் இடது கை எழும்பி லென்ஸைப் பிடித்தது. வளையம் மெதுவாகத் திரும்பிற்று. சிவப்புப் பொட்டு நகர்ந்து மறுபக்கம் போயிற்று. கீரியும் குட்டியும் கரைந்தன.

இராசநாயகத்தின் கண் அந்தக் கையிலேயே இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது கிறகோரிக்குத் தெரிந்தது. ஓடுவதானால் ஓடட்டும் என்று காத்திருந்தார்.

கிழவரின் கால் வாய்க்காலிலேயே இருந்தது. உயர்ந்து நின்ற தோள் இரண்டும் மெல்ல இறங்கின. மூச்சை விட்டார்.